சிஸ்டரம்மா பதில்கள்: நோய் வேறு, கேலி வேறு

பாளையங்கோட்டையில் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்தப் பகுதிக்குப் பரு, தேமல், முடி உதிர்தல் என்றுதான் கடிதங்கள் வரும். கோயில் கொடைத் திருவிழாக் காலம் முடிந்து வந்திருக்கும் கடிதங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. முளைப்பாரி எடுத்த வீடியோ, கால்வாயில் குளித்த வீடியோ, கல்யாண வீட்டு போட்டோ என்று எதையாவது யாராவது போடுகிறார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு பிள்ளையின் உருவத்தைப் பழிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறது. ஆகவே இந்த இதழில் முழுவதும் இதைப் பற்றித்தான். பெயர்களையும் கல்லூரிப் பெயர்களையும் எடுத்துவிட்டோம்.

அன்புள்ள சிஸ்டரம்மா, எனக்கு 20 வயது. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. ஊர்க் கொடையில் நான் முளைப்பாரி எடுத்ததைச் சித்தி மகள் ரீல்ஸ் போட்டாள். அதிலிருந்து என் முகத்தை மட்டும் வெட்டி, எங்கள் காலேஜ் பெயரில் இன்ஸ்டாவில் நடக்கும் கன்ஃபெஷன் பக்கத்தில் (பெயர் சொல்லாமல் எதையும் எழுதிப் போடுகிற பக்கம்) போட்டு, 'கரண்ட் போனா இவளைத் தேட டார்ச் வேணும்' என்று எழுதினார்கள். கீழே நூற்றுக்கணக்கில் கமெண்ட். 'மூஞ்சியப் பாத்தாலே எந்தத் தெருன்னு தெரியுது' என்றும் ஒருத்தன் போட்டிருந்தான். நான் ஒரு கடையில் லேபிள் இல்லாத டப்பா க்ரீம் வாங்கிப் பூசினேன். சீக்கிரமே வெளுத்தது. இப்போது நிறுத்தினால் முகமெல்லாம் எரிச்சல், சிவப்பு, பரு. மறுபடி பூசினால் அடங்குகிறது. உதட்டுக்கு மேலே முடி வேறு வருகிறது. காலேஜுக்கு மாஸ்க் போட்டுத்தான் போகிறேன். பரீட்சை ஹாலில் மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள் என்று ஒரு பேப்பரை எழுதாமலே வந்துவிட்டேன். என்ன செய்ய?
— அம்பாசமுத்திரம் வாசகி

மகளே, உன் கடிதத்தில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று, க்ரீம் கொண்டுவந்த நோய். அதற்கு உன் முகத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பக்கத்துக்காரர்கள் செய்த அக்கிரமம். அதற்காக உன் முகத்தில் செய்ய வேண்டியது எதுவுமே கிடையாது. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்.

நோயிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அது அவசரம். பூசினால் அடங்குவதும், நிறுத்தினால் எரிவதும், முடி முளைப்பதும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமின் அடையாளம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று அந்த மருந்துகளுக்குப் பெயர். சொரியாசிஸ், கரப்பான் போன்றவற்றுக்கு டாக்டர் பார்த்துச் சில நாளைக்கு எழுதிக் கொடுப்பார். அதையே முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துபோகும், மெல்லிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும். நிறுத்தியதும் எரிகிறதே என்று பயந்து மறுபடி பூசுவார்கள். அப்படியே வருஷக்கணக்கில் போகும். எங்கள் ஓ.பி.யில் இந்த முகத்தோடு வந்து உட்காருகிறவர்களில் கல்யாணம் நிச்சயமான பெண்கள்தான் அதிகம். கூட வந்த அம்மா, 'முகூர்த்தத்துக்குள்ள சரியாயிருமா சிஸ்டர்?' என்று கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும்.

ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டது. லேபிளே இல்லாத டப்பா என்றால் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. சீக்கிரம் வெளுக்க வைக்கச் சிலர் பாதரசம் கலக்கிறார்கள். அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பக்கத்துக் கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்திருப்பதை 2023-ல் டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். காலிலோ கண்ணைச் சுற்றியோ வீக்கம் இருக்கிறதா, சிறுநீர் நுரைத்துப் போகிறதா என்று கவனி. இல்லாவிட்டாலும் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை கேட்டு வாங்கிக்கொள்.

அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே. கையோடு எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் தோல் ஓ.பி.க்கு வா. அவ்வளவு தூரம் முடியாதென்றால் அம்பாசமுத்திரம் அரசு ஆஸ்பத்திரியில் காட்டு. அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். எதை எப்படி நிறுத்துவது, எரிச்சலுக்கு என்ன போடுவது என்பதை டாக்டர் சொல்வார். அதுவரை ப்ளீச், ஃபேஷியல், நூல் போட்டு முடி எடுப்பது எல்லாம் வேண்டாம். எலுமிச்சம்பழம், தக்காளி என்று யார் சொன்னாலும் தேய்க்காதே. முழுக்கக் குணமாகச் சில மாதம் ஆகும். நடுவில் ஒரு வாரம் மோசமாகத் தெரிந்தால் பழைய டப்பாவைத் தேடிப் போகாமல் இருக்கத்தான் இதை முன்கூட்டியே சொல்கிறேன்.

உன் நிறம் நோய் கிடையாது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் வெள்ளைக்காரனுக்கும் உனக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. உனக்கு அவை நிறமியை அதிகமாகச் செய்கின்றன. இந்தப் பக்கத்து வெயிலில் தோலைக் காப்பாற்றுவது அந்த நிறமிதான். அதைக் குறைத்துக் காட்டும் க்ரீம், இருக்கிற பாதுகாப்பைக் குறைக்கிறது.

இனி அந்தப் பக்கத்துக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு விதிகள் 2009-ல் வந்தவை. 2016-ல் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். நிறம், சாதி, தோற்றம், பிறந்த இடம், வசிக்கும் இடம் இவற்றை வைத்து ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்தினால் அதுவும் ராகிங்தான் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தோற்றம் என்றே அதில் இருக்கிறது, மகளே. ஆகவே, 'அது இன்ஸ்டாவில நடந்தது, காலேஜுக்கு வெளிய' என்று யாராவது தட்டிக்கழித்தால் இந்தத் திருத்தத்தைக் காட்டு. அந்தப் பதிவு, கமெண்ட், போட்டவர்களின் கணக்குப் பெயர், தேதி எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை. லிங்க்கையும் தனியாக எழுதி வை. பிரின்சிபாலுக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒரு நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்கு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1800-180-5522 என்ற ராகிங் தடுப்பு எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். எழுதாமல் விட்ட பேப்பரைப் பற்றியும் அந்தப் புகாரிலேயே எழுது. எதனால் விட்டாய் என்பது பதிவாக வேண்டும்.

போலீஸ் பற்றியும் கேட்டிருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். இணையத்தில் திட்டினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் உள்ளே போட்டுவிடலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அந்தப் பிரிவை 2015-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. பெண்ணை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசுவது, காட்டுவது ஆகியவற்றுக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 79-வது பிரிவு இருக்கிறது. மூன்று வருடம் வரை தண்டனை. உன் விஷயத்தில் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை எழுத்துகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அந்தத் 'தெரு' கமெண்ட் எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. நம் ஜில்லாவில் தெரு என்றால் என்ன பொருள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதை எழுதினவனுக்கும் தெரியும். நிறத்தைப் பழிக்கிற சாக்கில் சாதியைச் சொல்லியிருக்கிறான். நீ பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவள் என்றால், எல்லோரும் பார்க்கும் இடத்தில் அவமானப்படுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். அந்த வழக்கை டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். அந்தக் கமெண்ட்டின் ஸ்கிரீன்ஷாட்டைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்து.

சித்தி மகளிடம் கோபம் வேண்டாம். அவள் உன்னை அழகாகப் பார்த்துத்தான் அந்த வீடியோவைப் போட்டாள். கணக்கைப் பிரைவேட் ஆக்கச் சொல், போதும். மாஸ்க்கைப் பற்றி நான் அவசரப்படுத்த மாட்டேன். எரியும் தோலில் வெயில் படாமல் இருப்பது இப்போதைக்கு நல்லதுதான். ஆனால் பரீட்சையைத் திரும்பவும் விட்டுவிடாதே. ஹாலுக்குள் போகும்போது கூடவே வரச் சொல்லி ஒரு தோழியைக் கேள். அடுத்த கடிதத்தில் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

சிஸ்டர், செல்ஃபி எடுத்தால் என் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. கண்ணாடியில் அப்படி இல்லை. தோழிகள் குரூப்பில் 'மூக்கி' என்றே சேவ் பண்ணிவிட்டார்கள். ஆபரேஷன் செய்யலாமா? வயது 21.
— வண்ணார்பேட்டை வாசகி

வேண்டாம் மகளே. போனைக் கை தூரத்தில் பிடிப்பதால் வருவது இது. கேமராவுக்கு மிக அருகில் இருக்கிற மூக்கு மற்றதைவிடப் பெரிதாக விழும். அமெரிக்காவில் முகச் சீரமைப்பு டாக்டர்கள் 2018-ல் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடியில் எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது. போனைத் தோழி கையில் கொடுத்து ஐந்தடி தள்ளி நின்று எடுக்கச் சொல், நீயே பார்ப்பாய். அப்புறம் அந்தத் தோழிகளிடம், 'என்னை என் பேர்லயே சேவ் பண்ணுங்க' என்று சிரிக்காமல் ஒருமுறை சொல். சிரித்துக்கொண்டே சொன்னால் உனக்கும் அது பிடிக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

வணக்கம் சிஸ்டரம்மா. ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. வயது 22. டிப்ளமோ முடித்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. எனக்கு மார்பு கொஞ்சம் பெண்களுக்கு இருப்பது போல் இருக்கிறது. 14 வயதிலிருந்தே அப்படித்தான். போன மாதம் கன்னடியன் கால்வாயில் குளிக்கும்போது கூட்டாளி ஒருவன் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். இப்போது யார் எது பேசினாலும் அந்த ஸ்டிக்கர்தான். எனக்குத் தெரியாத குரூப்பில்கூட வருகிறதாம். கால்வாய்க்கே போவதில்லை. கோயிலில் சட்டையைக் கழற்ற வேண்டும் என்று கோயிலுக்கும் போவதில்லை. ஜிம்மில் ஒரு அண்ணன் ஊசி போட்டால் கட்டாகிவிடும் என்கிறார். போடலாமா?
— சேரன்மகாதேவி வாசகர்

தாராளமாக எழுதலாம் தம்பி. பையன்களிடமிருந்து இப்படிக் கடிதம் வருவதே அபூர்வம். உருவத்தைப் பழித்தால் ஆம்பிளைக்கு வலிக்காது என்று நாம் வைத்திருக்கிற எண்ணத்தால் எத்தனையோ பேர் வாயைத் திறப்பதே இல்லை.

அந்த ஊசியைப் போடாதே. ஜிம்களில் கொடுப்பது பெரும்பாலும் ஆண் ஹார்மோனோ அதைப் போன்ற ஸ்டீராய்டோதான். அது உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி பெண் ஹார்மோனாக மாறும். இருக்கிற மார்பு இன்னும் பெருக்கும். விதை சுருங்கும், விந்தணு குறையும், கல்லீரலும் இதயமும் அடிபடும். உன்னைக் கேலி செய்தவன் ஒருத்தன், அதை வைத்துக் காசு பார்க்க வருகிறவன் இன்னொருத்தன்.

உனக்கு இருப்பதற்குக் கைனகோமேஸ்டியா என்று பெயர். வயதுக்கு வரும் பையன்களில் பாதிப் பேருக்காவது கொஞ்சநாள் இது வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாக அடங்கிவிடும். உனக்கு 22 ஆகியும் இருப்பதால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. வெறும் கொழுப்பா, உள்ளே சுரப்பித் திசுவா என்று கையால் தொட்டே சொல்லிவிடுவார்கள். சில மாத்திரைகளாலும், தைராய்டு, கல்லீரல், விதை சம்பந்தப்பட்ட கோளாறாலும் இது வரலாம், அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு. கொழுப்பு என்றால் எடை குறைந்தால் குறையும். சுரப்பி என்றால் எத்தனை தண்டால் எடுத்தாலும் போகாது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைப் பிரிவில் கேள். சிறிய வெட்டில் எடுத்துவிடுகிற சிகிச்சை இருக்கிறது. செய்துகொள்வதும் செய்யாமல் இருப்பதும் உன் இஷ்டம். ஆபத்தான காரணம் எதுவும் இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுவதால் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை.

ஸ்டிக்கர் விஷயம். எடுத்தவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. குரூப்பில் பேசினால் அதற்கும் அந்த ஸ்டிக்கரே பதிலாக வரும். 'நீ எடுத்த போட்டோவால நான் வாய்க்காலுக்கு வரதையே விட்டுட்டேன்' என்று நேராகச் சொல். நிறைய பையன்கள் எதிராளிக்கு வலிக்கிறது என்பதையே உணராமல் செய்கிறார்கள், சொன்னதும் முகம் மாறிவிடும். ஒருவேளை மாறாவிட்டால், குரூப் அட்மினிடம் சொல்லிவிட்டு அந்தக் குரூப்பை விட்டு வெளியே வா. கூட்டாளிகள் போய்விடுவார்களே என்று பயப்படுகிறாய். அந்தக் கூட்டத்தில் உனக்குப் பிடிக்காது என்று அந்த ஸ்டிக்கரை அனுப்பாத ஒருத்தனாவது இருப்பான். அவனோடு காலையில் ஆளில்லாத நேரத்தில் கால்வாய்க்குப் போ. தண்ணீர் வருகிற மாதத்தில் சேரன்மகாதேவிக்காரன் வீட்டுக் குழாயில் குளிக்கிறான் என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

போட்டோவை ஏ.ஐ. வைத்து ஆபாசமாக மாற்றி, காசு கேட்டு ஒருவன் மிரட்டுகிறான். வீட்டில் சொன்னால் கொன்றே விடுவார்கள். உடனே பதில் வேண்டும். வயது 19.
— வள்ளியூர் வாசகி

மகளே, உனக்குத் தனியாக மின்னஞ்சலில் அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே சுருக்கமாகத் தருகிறேன். காசு கொடுக்காதே. ஒருமுறை கொடுத்தால் மறுநாளே அடுத்த தொகை கேட்பான். அவன் மெசேஜ், நம்பர், யூ.பி.ஐ. ஐடி எதையும் அழிக்காதே. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் புகார் பதிவு செய். பெயர் சொல்லாமலும் பதியலாம், ஆனால் பெயரோடு பதிந்தால்தான் விசாரணை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ள முடியும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசு. மார்ஃப் செய்த ஆபாசப் படம் என்று பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப (ஐ.டி.) விதிகள் சமூக ஊடகக் கம்பெனிகளுக்குச் சொல்லின; 2026-ல் அதை 2 மணி நேரமாகக் குறைத்துவிட்டார்கள். படம் இன்னும் வெளியே வராமல் இருந்தால் ஸ்டாப்என்சிஐஐ டாட் ஓஆர்ஜி (stopncii.org) தளத்துக்குப் போ. 18 வயது நிறைந்தவர்களுக்கானது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை, அதன் அடையாள எண் மட்டும் உன் போனிலிருந்தே போகும். அதில் சேர்ந்திருக்கும் கம்பெனிகளின் தளங்களில் அந்தப் படம் ஏறாமல் தடுப்பார்கள். வீட்டில் அப்பாவிடம் பயம் என்றால் அத்தை, மதினி, ஆச்சி யாரிடமாவது இன்றைக்கே சொல். 181 பெண்கள் உதவி எண்ணும் இருக்கிறது. தனியாக மட்டும் இருக்காதே.

அக்கா, என் மகளுக்கு 19 வயது. என் தங்கை மகன் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார்கள். 'ஒரு ஃபிரேமுக்குள்ள அடங்கலியே', 'இவளுக்கு மாப்பிள்ள தேடணும்னா தராசோட போணும்' என்று அவளுடைய பெரியப்பாவும் அத்தைகளும் எழுதினார்கள், கூடவே சிரிக்கிற பொம்மை. அவளும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள். அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். இப்போது ராத்திரி சாப்பாடே இல்லை. மதியம் சாப்பிட்டதும் பாத்ரூம் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். மூன்று மாதமாகத் தூரம் (மாதவிலக்கு) இல்லை. இளைத்திருக்கிறாள், எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. நான் அதிகமாக யோசிக்கிறேனா?
— திசையன்விளை வாசகி

நீங்கள் சரியாகத்தான் யோசிக்கிறீர்கள், தங்கச்சி. உங்கள் பயத்தை நம்புங்கள். இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

சாப்பிட்டதும் பாத்ரூம் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது, வாந்தி எடுக்கிற சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத்தான் பல பிள்ளைகள் செய்வது. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அது இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும். மயக்கம், படபடப்பு இருந்தால் வாரம்கூடக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூரம் நின்றுபோவது, உடம்பு பட்டினியைத் தாங்க முடியாமல் ஒவ்வொரு வேலையாக நிறுத்துவதன் அடையாளமாக இருக்கலாம். டாக்டர் கர்ப்பப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார். கேட்கிறாரே என்று சங்கடப்படாதீர்கள். இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அவளுக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரிக் கருப்புப் படிந்திருக்கிறதா? அதை அழுக்கு என்று தேய்க்கிறார்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடும் சேர்ந்து வரும். அப்படி இருந்து அதனால் எடை கூடியிருந்தால் அதற்குச் சரியான வைத்தியம் இருக்கிறது. பட்டினி அந்த வைத்தியம் கிடையாது.

கூடவே மனநல டாக்டரையும் பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் ஊரில் என்ன பேசுவார்களோ என்று தோன்றும். சாப்பாட்டைப் பற்றிய இந்தப் பயம் ஒரு நோய், பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். போகுமுன் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள். நீங்களும் பேசலாம், மகளும் பேசலாம்.

வீட்டில் என்ன செய்வது என்றால், அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்காராதீர்கள். 'இன்னும் ஒரு வாய்' என்று கெஞ்சுவதும் 'நல்லா இளைச்சுட்ட' என்று மெச்சுவதும் ஒரே கெடுதல்தான். பாராட்டுகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டில் எல்லாருக்கும் என்ன சமைக்கிறீர்களோ அதையே சமைத்து, எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, உடம்பைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல் சாப்பிடுங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் வைக்கிற நாளில் அவள் ரெண்டு கவளம் கூடச் சாப்பிடுகிற வழக்கம் இருந்தால் அதை வையுங்கள், ஆனால் அவளுக்காக வைத்தேன் என்று சொல்லாதீர்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் யாராவது அவளோடு பேசிக்கொண்டு இருங்கள்.

போனையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. ஃபேஸ்புக் கம்பெனியில் வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் 2021-ல் அவர்களுடைய உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். தங்கள் உடம்பை நினைத்து வருத்தத்தில் இருக்கும் பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் பார்த்தால் அந்த வருத்தம் கூடுகிறது என்று சொன்னதாக அவர்கள் ஆய்விலேயே இருந்தது. எடை குறைப்பு வீடியோ ஒன்றை நின்று பார்த்தால் அடுத்தடுத்து அதுவே வரும். அவளோடு உட்கார்ந்து, அப்படி வருகிறவற்றில் 'விருப்பமில்லை' என்பதை அழுத்திக் காட்டுங்கள்.

அப்புறம் அந்தக் குரூப். ஆம்பிளைகள், மூத்தவர்கள் எழுதினதை எப்படிக் கேட்பது என்று நீங்கள் தயங்குவது தெரிகிறது. நீங்கள்தான் கேட்க வேண்டும் தங்கச்சி, அவள் அப்பாவையும் கூட வைத்துக்கொண்டு. குரூப்பிலேயே, எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்கள்: 'என் பிள்ளை உருவத்தைப் பற்றி இனி யாரும் இங்கே எழுத வேண்டாம். அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. மன்னிப்பு அவளிடம் கேளுங்கள்.' பெரியப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும். தனக்காக அம்மா ஒருத்தி கேட்டாள் என்பதை உங்கள் மகள் பார்க்க வேண்டும். குணமாவதற்கு அது மருந்தளவு உதவும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன்.

மேடம், நான் ஒரு காலேஜ் மீம் பக்கத்தின் அட்மின்களில் ஒருத்தன். நாங்கள் எல்லாரையும்தான் கலாய்ப்போம், எங்களையே கலாய்ப்போம். நாங்கள் போட்ட ஒரு போஸ்ட்டுக்குப் பிறகு ஒரு ஜூனியர் பெண் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஜாலிக்குத்தான் போட்டோம். கமெண்ட் போட்டது வேறு ஆட்கள், அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு? ஆனால் தூக்கம் வரவில்லை. பக்கத்தை டெலீட் பண்ணிவிடவா?
— பாளையங்கோட்டை வாசகர்

தம்பி, தூக்கம் வரவில்லை என்று எழுதினாய் பார், அதனால்தான் உனக்குப் பதில் எழுதுகிறேன்.

எல்லாரையும் கலாய்க்கிறோம் என்கிறாய். உன் பக்கத்தில் வந்தவர்களை ஒரு தாளில் எழுதிப் பார். கறுப்பாக இருக்கிற பெண்கள், குண்டாக இருக்கிற பெண்கள், பல் எடுப்பாக இருக்கிறவர்கள், நடையில் நளினம் இருக்கிற பையன்கள், கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். திருப்பி அடிக்க முடியாதவர்கள் பெயர்தான் அதில் அதிகம் இருக்கும். உங்களையே கலாய்த்துக்கொள்வதற்கு நீங்களே சம்மதம் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பெண்ணிடம் யார் கேட்டீர்கள்?

கமெண்ட் மற்றவர்கள் போட்டது என்கிறாய். அவள் முகத்தைப் பிடித்து அந்த இடத்தில் நிறுத்தியது யார்? ஒருத்தன் வகுப்பில் பழித்தால் வகுப்பு முடிந்ததும் அது முடியும். நீ போட்டது அவள் வீட்டுக்குள்ளும் வந்தது, தலையணைப் பக்கத்திலும் வந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு எவனோ ஒருத்தன் புதிதாகச் சிரித்தான். அவள் தம்பி பார்த்திருப்பான். அவள் அப்பாவுக்கு யாராவது அனுப்பியிருப்பார்கள். டி.சி. வாங்குகிற அன்றைக்கு அலுவலக வராந்தாவில் அந்த அப்பா எப்படி நின்றிருப்பார் என்று யோசி. ஒரு குடும்பத்தில் முதலாவதாகக் காலேஜ் வந்த பிள்ளையாக இருந்தால், பின்னால் வருகிற தங்கச்சிகளுக்கும் சேர்த்து அந்த வாசல் அடைபட்டிருக்கும்.

பக்கத்தை ஒரேயடியாக டெலீட் செய்துவிட்டுத் தப்பிக்காதே. இன்றைக்கே அந்தப் பதிவையும், யாருடைய உருவத்தைப் பற்றியும் இருக்கிற மற்றப் பதிவுகளையும் பொதுப்பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, கமெண்ட்டைப் பூட்டு. விசாரணை வந்தால் தேவைப்படும் என்று ஒரு பிரதி வைத்துக்கொள். இதை ஆதாரத்தை மறைப்பதற்காகச் செய்யவில்லை என்று எழுதிக் காட்டவும் அது உதவும். மற்ற அட்மின்களிடம் பேசு. அவர்கள் வராவிட்டால் நீ ஒருத்தனாகவே போ. பிரின்சிபாலிடமோ ராகிங் தடுப்புக் குழுவிடமோ நேரில் போய், போட்டது நாங்கள்தான் என்று எழுதிக் கொடு. தண்டனை வரலாம். வந்தால் வாங்கிக்கொள். அந்தப் பெண் விரும்பினால் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவளுக்கு வராத நாட்களின் வருகைப் பதிவுக்கு வழி செய்ய வேண்டும் என்று அந்தக் கடிதத்திலேயே கேள். அவள் படிப்பு திரும்பக் கிடைப்பதுதான் இதில் முக்கியம், உன் தூக்கம் அதற்கு அப்புறம்.

அவளுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்பாதே. உன் பெயர் திரையில் வந்தாலே அவளுக்குக் கை நடுங்கலாம். மன்னிப்புக் கடிதத்தைக் கல்லூரி வழியாகக் கொடு. 'ஜாலிக்குப் போட்டோம்' என்ற வார்த்தை அதில் இருக்கக் கூடாது, 'மன்னித்துவிடு' என்று கேட்கவும் கூடாது. என்ன செய்தாய், இனி என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் எழுது. அவள் அதைப் படிக்காமல் திருப்பி அனுப்பலாம், பதிலே போடாமல் இருக்கலாம். அப்படியானால் இரண்டாவது கடிதம் எழுதாதே.